“நாம்”, “அவர்கள்”, ஒரு சதிக்கதை: சமூக உளவியலுக்கு ஓர் அறிமுகம்

2018 பிப்ரவரி 26ஆம் தேதி இரவு, இலங்கையின் அம்பாறை நகரில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம் ஒன்று நடத்திவந்த சிறிய உணவகத்தில், சிங்கள வாடிக்கையாளர் ஒருவர் தன் சாப்பாட்டில் ஏதோ கட்டியாகக் கிடப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. உணவில் மலட்டு மாத்திரை கலந்தாயா என்று மிரட்டினார்கள். கடையிலிருந்தவருக்குச் சிங்களம் அரைகுறை. கேள்வி சரியாக விளங்காமல், அச்சத்தில் அவர் உளறிய பதில் “ஆமாம், போட்டோம்” என்று ஒப்புக்கொண்டதுபோல் கைபேசியில் பதிவாகி பேஸ்புக்கில் பரவியது. கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாள்களில், வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து கண்டி மாவட்டத்தின் திகனவில் பெரும் வன்முறை வெடித்து, நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது.

அந்தக் கட்டியைப் பரிசோதித்த அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அது வெறும் மாவுக்கட்டி என்று அறிக்கை தந்தது. சாப்பிட்டவரை நிரந்தரமாக மலடாக்கிவிடும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் கிடையவே கிடையாது.

இதைக் கேட்டதும் “விவரமில்லாத கூட்டம், எதைச் சொன்னாலும் நம்பும்” என்றுதான் பலருக்கும் தோன்றும். இந்தப் பதில் தவறானது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்று நினைக்கிறேன். தெற்காசியாவில் எழுத்தறிவு மிக உயர்ந்த நாடுகளில் ஒன்று இலங்கை. எதைச் சொன்னாலும் நம்பும் கூட்டமாக இருந்தால், சிங்களக் கடைக்காரர் ஒருவர் மாத்திரை கலந்தார் என்ற கதையையும் அது நம்பியிருக்க வேண்டும். அப்படி ஒரு கதை கிளம்பவும் இல்லை, கிளம்பினாலும் எடுபட்டிருக்காது. இந்த மக்கள், அந்த மக்களைப் பற்றி, இந்தக் கதையை மட்டும் ஏன் நம்பினார்கள்? தனிமனிதரின் மூளையை ஆராய்ந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. இரண்டு குழுக்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சமூக உளவியலின் ஒரு பெரிய கிளை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிரித்தால் போதும்

ஒரு குழு இன்னொரு குழுவைப் பாரபட்சத்துடன் நடத்துவதற்குக் குறைந்தபட்சம் என்ன தேவை? நிலத்தகராறா, பழைய போரா, மதமா? இந்தக் கேள்வியைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி தாஜ்ஃபெல். 1919இல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது போர் மூண்டது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். தான் போலந்து யூதர் என்பதை மறைத்து, பிரெஞ்சுக்காரராகவே போர்க்கைதி முகாமில் காலம் தள்ளி உயிர் தப்பினார். போர் முடிந்தபோது அவருடைய குடும்பத்தில் அநேகமாக எவரும் மிஞ்சவில்லை. தன்மீது எந்தக் குழுவின் பெயர் ஒட்டப்படுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கும் நிலையில் ஐந்தாண்டுகள் வாழ்ந்தவர் கேட்ட கேள்வி அது.

பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 14, 15 வயதுப் பள்ளி மாணவர்கள் 64 பேரை வைத்து அவர் ஓர் ஆய்வு செய்தார். திரையில் புள்ளிகள் ஒரு கணம் தோன்றி மறையும். எத்தனை என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். அதன்பின் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, “நீ அதிகமாக ஊகிப்பவர்கள் குழு” அல்லது “நீ குறைவாக ஊகிப்பவர்கள் குழு” என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டுதான். வேறு மாணவர்களை வைத்து நடத்திய இன்னொரு சுற்றில் ஓவியர்கள் கிளே, கேண்டின்ஸ்கி இருவரில் யாருடைய ஓவியம் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னார்கள். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது எந்த மாணவனுக்கும் தெரியாது. இரு குழுக்களுக்கும் இடையே பேச்சு இல்லை, சண்டை இல்லை, முன்கதை ஏதும் இல்லை.

பிறகு, பெயர் தெரியாத இரண்டு பேருக்குக் காசாக மாறும் புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. இதற்காகக் கொடுத்த அட்டவணைகளில்தான் ஆய்வின் சூட்சுமம் இருந்தது. ஒரு வகை அட்டவணையின் ஒரு முனையில் நம் குழுக்காரனுக்கு 19, அடுத்த குழுக்காரனுக்கு 25. நடுவில் இருவருக்கும் 13. மறுமுனையில் நம்மவனுக்கு 7, அடுத்தவனுக்கு 1. நம்மவனுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தால் 19ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். நியாயமாக இருக்க நினைத்தால் 13. மாணவர்களிடம் நியாய உணர்வு இல்லாமல் இல்லை. அது கணக்கில் தெரிந்தது. ஆனாலும் 7க்கும் 1க்கும் பக்கமாக அவர்கள் வலுவாக இழுபட்டார்கள். நம்மவனுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, அவனைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்ற இழுப்பு அது.

1971இல் வெளியான இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது எனக்குள் ஏற்பட்ட கலக்கம் இன்னும் அடங்கவில்லை. பகைமைக்கு வரலாறு வேண்டும், காரணம் வேண்டும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். பாரபட்சம் தொடங்குவதற்கு ஒரு கோடு கிழித்தாலே போதுமாக இருக்கிறது.

ஏன் அப்படி? தாஜ்ஃபெலும் அவருடைய மாணவர் ஜான் டர்னரும் 1979இல் முன்வைத்த சமூக அடையாளக் கோட்பாடு இதற்கு விளக்கம் தருகிறது. “நான் யார்” என்பதில் ஒரு பகுதி “நாங்கள் யார்” என்பதிலிருந்து வருகிறது. நம் குழு உயர்ந்தால் நாம் உயர்ந்ததாக உணர்கிறோம். ஆனால் உயர்வு என்பது ஒப்பீட்டில்தான் தெரியும். ஒப்பிட இன்னொரு குழு வேண்டும். இந்திய அணி ஜெயித்தால் மட்டையையே தொட்டிராதவர்கூட “நாம் ஜெயித்துவிட்டோம்” என்று சொல்வதும் இதனால்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. தன் குழுவுக்குச் சாதகமாக நடப்பதும் அடுத்த குழுவை வெறுப்பதும் ஒன்றல்ல. மெரிலின் பிரூயர் என்ற ஆய்வாளர் இந்த வேறுபாட்டை வலியுறுத்தி வந்திருக்கிறார். பரிசுக்குப் பதிலாகத் தண்டனையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்ன ஆய்வுகளில் இந்தப் பாரபட்சம் வெகுவாகக் குறைந்தது. ஆக, கோடு கிழித்தால் பாரபட்சம் வரும். அது பகையாக மாற இன்னும் சில சேர வேண்டும். எல்லாருக்கும் போதாத வளம், “அவர்களால் நமக்கு ஆபத்து” என்ற அச்சம், அந்த அச்சத்தை ஊதிவிடும் தலைவர்கள்.

முஸாஃபர் ஷெரிஃப் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாக்கிப் போட்டியில் இறக்கிவிட்ட புகழ்பெற்ற முகாம் ஆய்வு இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம். கொடி எரிப்பும் அறைகளைச் சூறையாடுவதுமாகப் பகை முற்றியது. பிறகு தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வது, பழுதான வண்டியைச் சேர்ந்து இழுப்பது போன்ற பொதுவேலைகளால் தணிந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அவர் நடத்திய இன்னொரு முகாமில் சிறுவர்கள் சண்டைபோட மறுத்ததால் ஆய்வு பாதியில் கைவிடப்பட்டது. பாடநூல்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. எனக்கு அந்தத் தோற்றுப்போன முகாம்தான் அதிகம் சொல்கிறது: போட்டி இருந்தாலும் பகை தானாக வந்தே தீரும் என்பதில்லை.

கூட்டத்துக்கும் அறிவு உண்டு

குழு உணர்வு என்றதும் கெட்டதை மட்டுமே நினைப்பதும் தவறு. உலகில் நடந்த ஒவ்வோர் உரிமைப் போராட்டத்துக்கும் அடித்தளம் அதே “நாம்”தான்.

பிரான்சின் குஸ்தாவ் லெ போன் 1895இல் எழுதியதிலிருந்து, கூட்டம் என்றாலே மனிதர்கள் மதியிழந்துவிடுவார்கள் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இன்றைக்கும் செய்தித்தாள்களில் “வெறிபிடித்த கும்பல்” என்ற சொல்லாட்சி சர்வசாதாரணம். இதை ஆதாரத்துடன் மறுத்தவர் சமூக உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர். 1980 ஏப்ரல் 2ஆம் தேதி, பிரிஸ்டல் நகரில் கறுப்பின மக்கள் கணிசமாக வாழும் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு தேநீர் விடுதிக்குள் போலீஸ் சோதனைக்காக நுழைந்தது, கலவரம் மூண்டது. அப்போது பிரிஸ்டலிலேயே ஆய்வு மாணவராக இருந்த ரைக்கர், நேரில் இருந்தவர்களின் வாக்குமூலங்கள், படங்கள், ஆவணங்களை எல்லாம் சேகரித்துப் பார்த்தார். அவர் கண்டது மதியிழந்த கூட்டத்தை அல்ல.

கற்கள் பறந்தது போலீஸை நோக்கி. தாக்கப்பட்டவை போலீஸ் வாகனங்களும், வங்கி போன்ற வெளியார் நிறுவனங்களும். வீடுகளைத் தொடவில்லை. போலீஸ் பின்வாங்கிய பிறகு, செயின்ட் பால்ஸ் எல்லையைத் தாண்டிக் கூட்டம் துரத்திக்கொண்டு போகவில்லை. அந்த நேரத்தில் சாலையில் வந்த வாகனங்களுக்கு வழிகாட்டிப் போக்குவரத்தைச் சரிசெய்தவர்களும் கூட்டத்திலிருந்தவர்களே. யார் எதிரி, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை “நாங்கள் செயின்ட் பால்ஸ்காரர்கள்” என்ற அடையாளம் தீர்மானித்தது என்பதே ரைக்கரின் முடிவு. கூட்டத்தில் மனிதர் அடையாளத்தை இழப்பதில்லை. “நான்” என்பதிலிருந்து “நாம்” என்பதற்கு மாறுகிறார்.

வன்முறையை நியாயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கூட்டத்தை மந்தை என்று கருதும் அதிகாரி முதலிலேயே தடியை எடுப்பார். அமைதியாக நின்றவர்களும் “போலீஸ் நம் எல்லாருக்கும் எதிரி” என்று ஒன்றுதிரள்வார்கள். ரைக்கரும் கிளிஃபோர்ட் ஸ்டாட்டும் இதைப் பல கூட்டங்களில் கண்டு எழுதினார்கள். 2004ஆம் ஆண்டு போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின்போது, இந்த ஆய்வுகளின் அடிப்படையில் நகரப் போலீஸ் ரசிகர்களிடம் சிரித்துப் பேசிப் பழகும் முறையைக் கையாண்டது. போட்டி நடந்த நகரங்களில் பெரிய கலவரம் ஏதும் இல்லை. பழைய முறையையே பின்பற்றிய இன்னொரு காவல் படையின் பொறுப்பில் இருந்த கடற்கரை ஊரில் இங்கிலாந்து ரசிகர்களுடன் மோதல் நடந்தது.

மக்கள் எப்போது ஒன்றுசேர்ந்து போராடுகிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். துன்பம் முற்றினால் பொங்கி எழுவார்கள் என்பது எளிய பதில். உலகெங்கும் துன்பத்துக்குக் குறைவில்லை, போராட்டம் அபூர்வமாகத்தான் நடக்கிறது. மார்ட்டைன் வான் ஸோமெரனும் அவருடைய கூட்டாளிகளும் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளின் 182 முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது மூன்று காரணிகள் தெளிவாகத் தெரிந்தன: நமக்கு இழைக்கப்படுவது அநீதி என்ற உணர்வு, சேர்ந்து நின்றால் மாற்ற முடியும் என்ற நம்பிக்கை, “நாம்” என்ற அடையாளம். மூன்றாவது காரணி மற்ற இரண்டையும் வளர்த்துவிடுகிறது.

அமெரிக்காவின் மாண்ட்கமெரி நகரில் நடந்த பஸ் புறக்கணிப்பு இந்த மூன்றும் கூடிவந்த தருணம். 1955 டிசம்பர் முதல் தேதி, பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்ததற்காகக் கறுப்பினப் பெண் ரோஸா பார்க்ஸ் கைதான அன்றிரவே, கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அச்சிட்டுத் தள்ளினார். டிசம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புறக்கணிப்பு 381 நாள்கள் நீடித்தது. ஆரம்பக் கோரிக்கைகள் மிகச் சிறியவை: மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் வருபவருக்கு இருக்கை, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் கறுப்பின ஓட்டுநர்கள். சொந்தக் கார்களை ஒருங்கிணைத்து வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்றார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். ஒவ்வொரு நாள் நடையும் “நம்மால் முடிகிறது” என்பதற்கு அன்றைய ஆதாரமாக இருந்தது. எதிரே இருந்தவர்களுக்கும் பெயர் இருந்தது, முகவரி இருந்தது: ஒரு பஸ் நிறுவனம், ஒரு நகர நிர்வாகம், ஒரு சட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சதிக்கதைகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

போராட்டத்தைத் தணிக்க அதிகாரத்துக்குத் தெரிந்த ஒரு வழியையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டீபன் ரைட், டொனால்ட் டெய்லர், ஃபதாலி மொகத்தம் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி இருந்தும் மேல்குழுவுக்குள் அனுமதி மறுக்கப்பட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். கதவு முழுதாக மூடியிருந்தால் கூட்டாக எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் குழுவிலிருந்து 2 சதவீதம் பேரைச் சேர்த்துக்கொள்வோம் என்று சொன்னாலே போதும், கூட்டு எதிர்ப்பு கைவிடப்பட்டுத் தனித்தனி முறையீடாகச் சுருங்கிவிட்டது. ஒரே ஒருவரை மேடையேற்றிக் காட்டிவிட்டு “உங்களில் ஒருவர் இதோ இருக்கிறாரே” என்று சொல்லும் பழக்கம் எவ்வளவு வலிமையானது என்பது இதிலிருந்து புரியும்.

சதி என்பதற்கும் சதிக்கதை என்பதற்கும் நடுவே

சதிகள் நிஜமாகவே நடந்திருக்கின்றன. 1932 முதல் 1972 வரை, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அலபாமா மாநிலத்தில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை, சிகிச்சை அளிப்பதாகச் சொல்லி ஏமாற்றி, நோய் எப்படி முற்றுகிறது என்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. 1947 வாக்கில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. டஸ்கீகி ஆய்வு என்று அழைக்கப்படும் இந்தக் கொடுமை 1972இல் பத்திரிகைச் செய்தியாக வெளிவந்த பிறகே நின்றது. 2011இல், ஒசாமா பின் லேடனின் இருப்பிடத்தை உறுதிசெய்ய அமெரிக்காவின் சிஐஏ, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பொய்யாக ஒரு தடுப்பூசி முகாமை நடத்தியது. அதன்பின் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்போன ஊழியர்கள் உளவாளிகள் என்று சந்தேகிக்கப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே, கறுப்பின அமெரிக்கர் ஒருவர் “இந்த அரசு எங்களுக்கு எதிராக ஏதோ செய்கிறது” என்று நினைத்தால் அதை மனக்கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. ஜெனிஃபர் கிராக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1999இல் கறுப்பின, வெள்ளையின மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், இத்தகைய நம்பிக்கை கறுப்பின மாணவர்களிடம் அதிகமாக இருந்தது. தங்கள் மக்களின் நிலைக்குப் பாகுபாடே காரணம் என்ற அவர்களின் கணிப்போடு அது இணைந்திருந்தது. வரலாற்றிலிருந்து கற்ற அவநம்பிக்கை அது.

அப்படியானால் சதி நம்பிக்கை என்று ஆய்வாளர்கள் எதைச் சொல்கிறார்கள்? சக்தி வாய்ந்த சிலர் ரகசியமாகக் கூடித் தீமை செய்கிறார்கள் என்ற விளக்கத்தை, ஆதாரம் இல்லாமலோ ஆதாரத்துக்கு எதிராகவோ பிடித்துக்கொண்டிருப்பது. டஸ்கீகியை வெளிக்கொண்டுவந்தவர்கள் ஆவணங்களைக் காட்டினார்கள். மறுக்கப்படக்கூடிய கூற்றுகளை முன்வைத்தார்கள். சதிக்கதையில் ஆதாரம் இல்லாததே “எவ்வளவு கச்சிதமாக மறைத்துவிட்டார்கள் பார்” என்று ஆதாரமாகிவிடும்.

கேரன் டக்ளஸ், ராபி சட்டன், அலெக்சாண்ட்ரா சிஹோட்ஸ்கா மூவரும் 2017இல் எழுதியபடி, மக்களை இதை நோக்கி இழுப்பவை மூன்று தேவைகள்: நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும், பாதுகாப்பாக உணர வேண்டும், தன்னையும் தன் குழுவையும் நல்லவிதமாகக் காண வேண்டும். முதல் இரண்டும் எளிதில் விளங்கும். பெரிய விபத்துக்குச் சின்னக் காரணம் சொன்னால் மனம் ஏற்க மறுக்கிறது. கையில் எதுவும் இல்லை என்ற தவிப்பில் ஏதாவது ஒரு விளக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. மூன்றாவதுதான் நம் விஷயத்துக்கு நெருக்கமானது.

2010 ஏப்ரல் 10ஆம் தேதி, போலந்து அதிபர் லெக் கச்சின்ஸ்கி உட்பட 96 பேர் சென்ற விமானம் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் அருகே மூடுபனியில் விழுந்து அனைவரும் இறந்தார்கள். அவர்கள் போய்க்கொண்டிருந்தது, 1940இல் சோவியத் படை ஏறக்குறைய 22,000 போலந்துக்காரர்களைச் சுட்டுக்கொன்ற கட்டின் படுகொலையின் நினைவு நிகழ்ச்சிக்கு. அந்தப் படுகொலையைச் சோவியத் அரசு 1990 வரை மறுத்துவந்தது. அப்படிப்பட்ட வரலாறு உள்ள நாட்டில், மூடுபனியில் தரையிறங்க முயன்றதால் நேர்ந்த விபத்து என்ற விசாரணை முடிவுகளைப் பலர் நம்பவில்லை. சிஹோட்ஸ்கா குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாப் போலந்துக்காரர்களும் ஒரேபோல் சந்தேகப்படவில்லை என்று தெரிந்தது. தன் நாட்டின்மீது நிம்மதியான பற்று உள்ளவர்கள் சதிக்கதையின் பக்கம் அவ்வளவாகச் சாயவில்லை. “நம் மகத்துவத்தை உலகம் மதிக்கவில்லை, நம்மைக் கீழே தள்ளப் பார்க்கிறது” என்ற காயப்பட்ட பெருமிதம் உள்ளவர்களே சாய்ந்தார்கள். அக்னியெஷ்கா கோலெட்ஸ் தெ ஸவாலா 2009இல் அளவிட்டுக் காட்டிய இந்த மனநிலையைக் குழுத் தற்காதல் என்று சொல்லலாம்.

அம்பாறைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. இலங்கை மக்கள்தொகையில் சிங்களர் முக்கால் பங்கு. முஸ்லிம்கள் ஏறக்குறைய 10 சதவீதம். ஆனாலும் “நம் இனம் உலகிலேயே இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறது, அதையும் அழிக்கப் பார்க்கிறார்கள்” என்ற அச்சம் பல பத்தாண்டுகளாக ஊட்டி வளர்க்கப்பட்டது. அந்த அச்சத்துக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. மாவுக்கட்டி கிடைத்தது. மறு ஆண்டே குருநாகலில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் சிங்களப் பெண்களுக்கு ரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பழிசுமத்தப்பட்டுக் கைதானார்; ஆதாரம் ஏதும் கிடைக்காததால், பின்னாளில் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். மாத்திரைக் கதை பொய் என்று அறிக்கை வந்த பிறகும் அதே கதை புதிய வடிவில் வந்துவிட்டது, அச்சம் அப்படியே இருந்ததால்.

சதிக்கதைகளை ஆராய்பவர்களும் தங்கள் முடிவுகளை மறுபடி சோதிக்க வேண்டியிருக்கிறது. இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்றும், இறந்ததுபோல் நாடகமாடினார் என்றும் முரணான இரண்டையும் ஒரே ஆட்கள் நம்புகிறார்கள் என்று 2012இல் வந்த ஓர் ஆய்வு பெரும் பரபரப்பானது. 2023இல் வேறொரு குழு தரவுகளை நுணுக்கமாகப் பார்த்தபோது, அந்தத் தொடர்பு பெரும்பாலும் இரண்டையுமே நம்பாதவர்களால் உண்டானது என்று தெரிந்தது. இரண்டையும் ஒருசேர நம்புபவர்கள் மிக அரிது. சதிக்கதை நம்புகிறவர் தர்க்கமே இல்லாதவர் என்று எள்ளி நகையாட அந்த 2012 ஆய்வு இன்னமும் பயன்படுத்தப்படுவது வருத்தமானது.

கோபம் எங்கே போகிறது

சதிக்கதையும் போராட்டமும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டிலும் “நாம்” இருக்கிறோம், இரண்டிலும் நமக்கு அநீதி நடக்கிறது என்ற உணர்வு இருக்கிறது. பிரிவது, மாற்ற முடியும் என்ற நம்பிக்கையில். மாண்ட்கமெரியில் எதிர்த்தரப்புக்குப் பெயரும் முகவரியும் இருந்தன. கோரிக்கை வைக்கலாம், பேசலாம், வழக்குப் போடலாம், வெல்லலாம். சதிக்கதையின் எதிரிக்கு முகம் கிடையாது. தேர்தல், நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் அவன் கையில். அப்படிப்பட்டவனிடம் எந்த மனுவைக் கொடுப்பது?

டேனியல் ஜாலியும் கேரன் டக்ளஸும் 2014இல் இதைச் சோதித்தார்கள். அரசைப் பற்றிய சதிக்கதைகளைப் படித்தவர்களிடம் வாக்களிப்பது உள்ளிட்ட அரசியல் ஈடுபாட்டுக்கான விருப்பம் குறைந்தது. நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்ற உணர்வு அதற்குக் காரணமாக இருந்தது. ஜெர்மனியின் ரோலண்ட் இம்ஹோஃபும் அவருடைய கூட்டாளிகளும் 2021இல் இன்னொரு பாதியைக் காட்டினார்கள். உலகைச் சதிகாரர்கள் ஆள்கிறார்கள் என்று கற்பனை செய்யச் சொன்னபோது, சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் விருப்பம் இறங்கியது, வன்முறை போன்ற சட்டமீறல்களில் ஏறியது. ஒருபக்கம் ஒதுங்கிவிடுவது, மறுபக்கம் எரிப்பது. நடுவிலிருக்கும் நீண்ட, சலிப்பூட்டும், பலன் தரும் பாதை மட்டும் அடைபட்டுப்போகிறது. நிஜமான குறை உள்ளவர்களுக்குச் சதிக்கதை செய்யும் பெருங்கேடு இதுதான். அவர்களுடைய கோபம் நியாயமானது. அது போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல், அம்பாறையில் நடந்ததுபோல், பக்கத்துக் கடைக்காரர்மீது விழுந்துவிடுகிறது. 2018இல் தமிழ்நாட்டில் வட இந்தியர்கள் குழந்தை கடத்த வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் சென்னையிலிருந்து வந்தவர்.

என்ன செய்யலாம்

பழகினால் வெறுப்பு குறையும் என்பது பழைய யோசனை. கார்டன் ஆல்போர்ட் 1954இல் அதற்கு நிபந்தனைகள் விதித்தார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிர்வாகத்தின் ஆதரவு. தாமஸ் பெட்டிகுரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தொடர்பு பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்று உறுதிசெய்தார்கள். எந்த மாதிரித் தொடர்பு என்பதே முக்கியம். மேட் லோ உத்தரப் பிரதேச கிராமங்களில் பல சாதி இளைஞர்களைச் சேர்த்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தி, 2021இல் முடிவுகளை வெளியிட்டார். வேறு சாதிக்காரரோடு ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. வேறு சாதிக்காரரை எதிரணியில் சந்தித்தவர்களிடம் சாதி தாண்டிய பழக்கம் பொதுவாகக் குறைந்தது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, நல்லெண்ணக் கூட்டங்கள் நடத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும். தமர் சகுயும் அவருடைய கூட்டாளிகளும் 2009இல் காட்டியபடி, இனிமையான சந்திப்புக்குப் பிறகு கீழ்நிலையில் இருந்தவர்கள் மேல்நிலையினர் நியாயமாக நடப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பங்கு பிரிக்கும் நேரம் வந்தபோது அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. இனிமையாகப் பேசுவதோடு நில்லாமல் பங்கைப் பற்றியும் பேச வேண்டும்.

சதிக்கதையை ஏற்கெனவே நம்பிவிட்டவரிடம் பேசிப் பயனில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். தாமஸ் காஸ்டெல்லோ, கோர்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் மூவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், நம்பிக்கை உடையவர் தன் காரணங்களை எழுதச் சொல்லி, அந்தக் காரணங்களுக்கே குறிப்பான ஆதாரத்துடன் பதில் தரும்படி ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடலை அமைத்தார்கள். நம்பிக்கையின் அளவு சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. வீட்டுப் பெரியவர் ஒரு வதந்தியை அனுப்பும்போது “இதெல்லாம் பொய்” என்று ஒரே வரியில் முடிப்பதைவிட, அதில் அவருக்கு எது உண்மை என்று படுகிறது என்று கேட்டு, அந்த ஒன்றுக்குப் பதில் சொல்வது நல்லது.

அதைவிடவும் நல்லது முந்திக்கொள்வது. ஜாலியும் டக்ளஸும் 2017இல் தடுப்பூசிச் சதிக்கதைகளை வைத்துச் செய்த ஆய்வில், சரியான தகவலை முன்கூட்டியே தந்தபோது அது வேலை செய்தது. கதையைக் கேட்ட பிறகு தந்தபோது வேலை செய்யவில்லை. அதே 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலானவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்திகள் முந்திக்கொண்டன. பெற்றோர் பலர் தயங்கினார்கள். காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்தது. அடுத்த முகாமுக்கு மருந்துப் பெட்டிகள் வருவதற்கு முன்பே பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கட்டும். ஊசி எங்கே தயாரானது, யார் பரிசோதித்தார்கள், போட்ட பிறகு காய்ச்சல் வந்தால் எந்த எண்ணை அழைப்பது, அழைத்தால் பதில் சொல்லப்போகும் செவிலியர் இவர்தான் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகப்படுத்தட்டும்.